ஓடுகாலிகளுக்கும் ஒரு பக்கம்: நம்ம ஊர் நூற்றாண்டு மலர்க் குழுவினருக்குத் திறந்த மடல்

மலர்க் குழுத் தலைவர் ஐயாவுக்கும், செயலாளர் தம்பிக்கும், ஆசிரியர் குழுவில் இருக்கும் அண்ணன் அக்காமார் எல்லோருக்கும் வணக்கம்.

மலரின் முதல் படியை வாட்சாப் குழுவில் போட்டு, திருத்தம் இருந்தால் மாத இறுதிக்குள் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். எழுத்துப் பிழைகளைத் தனியே குறித்து அனுப்பிவிட்டேன். தமிழ்ப்பள்ளியில் சிவப்பு மையோடு வாழ்ந்தவளுக்கு அது பெரிய வேலையில்லை. கோயில் திருப்பணிப் பகுதியும், மலேசியாவில் நம்ம கோல லங்காட் வட்டாரத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்த கதையும் நன்றாக வந்திருக்கின்றன. இந்த மடல் ஒரே ஒரு வரியைப் பற்றியது. ஊரார் எல்லோரும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் வைக்கிறேன். உங்களைச் சபையில் நிறுத்துவது என் நோக்கமில்லை. நம்ம எல்லோர் வாயிலும் கிடக்கிற பேச்சைத்தான் நீங்கள் அச்சுக்கு அனுப்பப் பார்க்கிறீர்கள்.

"தோட்டத்துக் குடும்பங்கள்" என்ற பகுதியில் வருகிறது அந்த வரி: "விசுவாசமாக உழைத்த குடும்பங்களுக்கு நடுவே, இரவோடு இரவாக ஓடிய ஓடுகாலிகளும், 1941இல் கலகம் செய்து தோட்டத்தின் பெயரைக் கெடுத்த சிலரும் இருக்கவே செய்தனர்."

இதை எடுத்துவிடுங்கள் என்று கேட்கப் போகிறேன் என நினைப்பீர்கள். இல்லை. எடுத்துவிட்டு "வெளியேறியவர்கள்" என்று மழுப்பினால் எனக்கு இன்னும் கோபம் வரும். ஓடுகாலி என்ற சொல் மலரில் இருக்கட்டும். ஆனால் அது தலைகுனிந்து நிற்கிற இடத்தில் வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

நான்கு கால் உள்ளது நாற்காலி, மூன்று கால் உள்ளது முக்காலி. ஓடுகிற கால் உள்ளது ஓடுகாலி. சொல்லின் கட்டுமானம் அவ்வளவுதான், அதில் திட்டு எதுவும் இல்லை. கட்டுத்தறியில் நிற்காத மாட்டை ஓடுகாலி மாடு என்று ஊர்ப்பக்கத்தில் சொல்வார்கள். கன்று காலி என்கிறோமே, அதில் வருகிற காலிக்கும் கால்நடைக்கும் இதே காலோடுதான் உறவு. மாட்டுக்குச் சொன்னபோது அது திட்டுக்கூட இல்லை, ஒரு குணக்குறிப்பு. இந்த மாட்டை நம்பிக் கயிற்றை அவிழ்க்காதே என்று அடுத்தவனுக்குச் சொல்லும் எச்சரிக்கை. மனிதனைப் பார்த்து அந்தச் சொல்லை வீசும்போதுதான் விவகாரம் வருகிறது. ஓடுகாலி என்று ஒருவரைச் சொன்னால், அவருக்கு ஒரு கட்டுத்தறி உண்டு, அதன் கயிறு இன்னொருவர் கையில் இருக்கிறது, அது நியாயமானதுதான் என்று மூன்றையும் சேர்த்தே ஒப்புக்கொள்கிறோம்.

இதே பயணத்தை உலகத்தின் மறுகோடியில் இன்னொரு சொல் செய்திருக்கிறது. கொலம்பஸ் 1493இல் இரண்டாம் முறை கப்பலேறி வந்தபோது ஹிஸ்பானியோலா தீவுக்கு மாடுகளையும் கொண்டுவந்தார். இன்றைய ஹைத்தியும் டொமினிக்கன் குடியரசும் இருக்கிற தீவு அது. பட்டியைவிட்டு மலைக்கு ஓடிக் காட்டு மாடாகிப்போனவற்றை ஸ்பானியர்கள் "சிமர்ரோன்" என்றார்கள். உச்சி என்று பொருள்படும் "சிமா"விலிருந்து வந்த சொல் என்பார்கள் சிலர். அந்தத் தீவின் பூர்வகுடிகளான தைனோ மக்களின் மொழியில் அம்பைக் குறிக்கும் சொல்லோடு சேர்த்து, வில்லைவிட்டுப் பறந்த அம்பு என்று பொருள் சொல்வார்கள் வேறு சிலர். எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது, பிடிப்பதெல்லாம் ஆதாரமாகிவிடாது என்றாலும். மாட்டுக்குச் சொன்ன சொல் அடுத்து ஓடிப்போன பூர்வகுடி அடிமைகளுக்கு ஆயிற்று. அதன்பின் ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்டுத் தப்பியவர்களுக்கு ஆயிற்று. பிரெஞ்சில் "மரோன்", ஆங்கிலத்தில் "மரூன்". (சேலைக்கடையில் கேட்கிற மரூன் நிறம் வேறு கதை, அது செஸ்நட் என்ற கொட்டையின் நிறத்திலிருந்து வந்தது.) அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வாழும் செமினோல் பூர்வகுடிகளின் பெயரும் இந்தச் சிமர்ரோனிலிருந்து பிறந்ததுதான்.

ஓடியவர்கள் ஒளிந்துகிடக்கவில்லை. பிரேசிலில் பல்மாரஸ் என்ற பெயரில் காட்டுக்குள்ளேயே ஒரு நாடு மாதிரி நடத்தினார்கள். அதன் தலைவன் சும்பி 1695 நவம்பர் 20 அன்று கொல்லப்பட்டான், இன்று அந்த நாள் பிரேசிலில் தேசிய விடுமுறை. ஜமைக்காவில் ஆங்கிலேயப் படையால் மலைக்குள் இருந்த மரூன்களை அடக்க முடியவில்லை. கடைசியில் 1739இல் அவர்களோடு உட்கார்ந்து ஒப்பந்தம் எழுதினார்கள். சுரினாமில் சரமாக்கா மக்கள் 1762இல் டச்சுக்காரர்களிடம் இப்படியே ஒப்பந்தம் வாங்கினார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் நாங்கள் மரூன் என்று நெஞ்சு நிமிர்த்திச் சொல்கிறார்கள். மாட்டுப்பட்டியில் பிறந்த சொல் அது.

கஜகஸ்தான் என்று உலகப்படத்தில் பார்க்கிறோமே, அந்தக் "கசாக்" என்ற துருக்கியச் சொல்லும் இப்படித்தான், தலைவனைவிட்டுப் பிரிந்து தன்னிச்சையாகத் திரிபவன் என்று பொருள். பதினைந்தாம் நூற்றாண்டில் அபுல்கைர் கானைவிட்டுப் பிரிந்துபோன கூட்டத்துக்கு ஒட்டிய பெயர், இன்று ஒரு நாட்டின் பெயர். ரஷ்ய எல்லையில் திரிந்த கோசாக்குகளின் பெயரும் அதே வேர்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். ஒப்பந்தத்தில் வந்தவர்களைச் சஞ்சிக்கூலி என்று நம்ம பெரியவர்கள் சொன்னது மலாய் "ஜன்ஜி"யிலிருந்து வந்தது, வாக்குறுதி என்று பொருள். யார் யாருக்குக் கொடுத்த வாக்கு என்று யாரும் கேட்கவில்லை. கைநாட்டு வைத்தவன் வேலைக்கு வராமலிருந்தாலும் தோட்டத்தைவிட்டுப் போனாலும் அது முதலாளி தொழிலாளி தகராறாக நிற்காது, குற்றமாகிவிடும். அபராதம், கட்டாவிட்டால் சிறை. மொரிஷியஸில் நம்மவர்களுக்கு இன்னொரு தண்டனை இருந்தது: ஒருநாள் வராவிட்டால் இரண்டுநாள் கூலி பிடிப்பார்கள். அங்கே ஓடிப்போன அடிமைகள் பதுங்கிய லெ மோர்ன் மலையை 2008இல் உலகப் பாரம்பரியத் தலமாக்கினார்கள். மலையேறிப் பார்க்கிற நம்ம சுற்றுலாக்காரர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று தெரியவில்லை.

மலாயாவில் சஞ்சி முறை 1910இல் முடிவுக்கு வந்தது. நம்ம ஊர்த் தோட்டங்களுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் அதற்குப் பிறகு கங்காணி கூட்டிவந்தவர்கள். சட்டப்படி ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுப் போகலாம். பின்னே ஏன் இரவில் ஓட வேண்டும்? கங்காணிக்குத் தலைக்காசு என்று ஒன்று இருந்தது. அவர் கணக்கில் உள்ள ஆள் பெரட்டுக்கு, அதாவது பெயர் கூப்பிடும் வரிசைக்கு, வந்து நின்றால், ஆளுக்கு இத்தனை காசு என்று தினமும் அவருக்குப் போகும். ஓர் ஆள் போனால் ஒரு தலைக்காசு போயிற்று. கப்பலில் கூட்டிவரக் கொடுத்த முன்பணமும் பற்றுவரவில் நிற்கிறது. இந்த நிலைமையில், அடுத்த மாதம் போகிறேன் என்று ஒருவர் சொல்லிவிட்டு லயத்து வீட்டில் நிம்மதியாகத் தூங்க முடியுமா? சட்டம் குற்றமில்லை என்று சொன்ன பிறகும், கங்காணியின் கணக்குப் புத்தகத்தில் அது குற்றமாகவே இருந்தது. அந்தப் புத்தகத்திலிருந்துதான் உங்கள் வரி நேராக இறங்கி வந்திருக்கிறது.

அப்படி ஓடியவர்கள் எங்கே போனார்கள்? கடலைத் தாண்டியா? பெரும்பாலும் பக்கத்துத் தோட்டத்துக்கு. ரப்பர் விலை ஏறும்போது ஆள் போதாமல் தோட்டங்கள் ஒன்றின் ஆளை இன்னொன்று ஆசைகாட்டி இழுத்தன. ஒரு துரையின் ஓடுகாலி மறு துரையின் புது ஆள். உங்கள் பட்டியலில் "விசுவாசமாக உழைத்த மூத்த குடும்பங்கள்" என்ற தலைப்பின்கீழ் எங்கள் தாத்தா பெயரும் இருக்கிறது. நன்றி. ஆனால் தாத்தாவும் பாட்டியும் இந்த ஊர்க்காரர்கள் இல்லை. வேறொரு தோட்டத்திலிருந்து, என் பெரியத்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, சாமான் எதையும் தூக்காமல் இருட்டில் நடந்து வந்தவர்கள். அங்கே இருந்த ஒரு கிராணியின் (தோட்ட அலுவலகக் குமாஸ்தாவின்) தொல்லைதான் காரணம் என்று பாட்டி கடைசிக் காலத்தில் என் அம்மாவிடம் மட்டும் சொன்னாராம். விடிந்ததும் இங்கே பெரட்டில் நின்று பெயர் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தோட்டத்தின் மலரை யாராவது எழுதினால், ஓடுகாலிகள் என்ற வரியில் எங்கள் குடும்பம் இருக்கும். இந்த ஊர் மலரில் விசுவாசிகளாக இருக்கிறோம். உங்கள் பட்டியலில் உள்ள மற்ற வீடுகளிலும் மெதுவாக விசாரித்துப் பாருங்கள்.

ஜமைக்கா மரூன்களின் ஒப்பந்தத்தில் ஒரு கசப்பான விதி உண்டு. அவர்களுக்கு நிலமும் சுதந்திரமும் கிடைத்தன. அதற்கு ஈடாக, இனிமேல் ஓடிவருகிற அடிமைகளைப் பிடித்து வெள்ளையர்களிடமே திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்று கையொப்பமிட்டார்கள். முன்னால் ஓடியவன், பின்னால் ஓடுபவனைப் பிடித்துக்கொடுக்கிற ஏற்பாடு. உங்கள் வரியைப் படித்தபோது எனக்கு அந்த விதிதான் ஞாபகம் வந்தது. கையொப்பம் எதுவும் போடாமலேயே நாம் அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறோம்.

இன்னொன்று. மலரின் அடுத்த பகுதியில் தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு ஜப்பான்காரன் போட்ட சயாம் மரண ரயில் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், உருக்கமாக. ஜப்பான்காரன் 1942க்குப் பிறகு நம்ம தோட்டங்களிலிருந்து ஆட்களை லாரியில் ஏற்றிப்போனதும், 415 கிலோமீட்டர்ப் பாதை 1943 அக்டோபரில் முடிவதற்குள் காலராவிலும் பசியிலும் அவர்கள் செத்து விழுந்ததும் நமக்குத் தெரியும். வெள்ளைக்காரக் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. நம்மவர்களுக்குப் பெயர் சொல்லும் ஒரு கல் இல்லை. அங்கிருந்து தப்பிக் காடுவழியாக வந்து சேர்ந்தவர்களை நீங்கள் "உயிர் தப்பியவர்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். பிடித்துப்போக வரும்போது பாசாக்காட்டில் பதுங்கியவர்களைச் "சாமர்த்தியசாலிகள்" என்றுகூட ஓர் இடத்தில் சொல்லியிருக்கிறீர்கள். சரியாகவே எழுதினீர்கள். ஆனால் ஜப்பான் அதிகாரி தன் ஏட்டில் அவர்களை எப்படி எழுதியிருப்பான்? ஓடிப்போன கூலி என்றுதானே? அவன் ஏட்டை நாம் நம்பவில்லை. துரையின் ஏட்டை மட்டும் ஏன் நம்புகிறோம்? அடித்தவன் வெள்ளைச் சட்டை போட்டிருந்தான் என்பதாலா? கோபமாக எழுதிவிட்டேன். திருத்தப் போவதில்லை.

அடுத்தது 1941. "கலகம் செய்து தோட்டத்தின் பெயரைக் கெடுத்த சிலர்" என்கிறீர்கள். சிலர் இல்லை. கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கிச் சிலாங்கூர் முழுக்கப் பரவிய வேலைநிறுத்தம் அது. ஆயிரக்கணக்கில் பால்வெட்டுத் தொழிலாளர்கள் உளியைக் கீழே வைத்தார்கள். அவர்கள் கேட்டவை என்ன என்று இப்போதாவது ஊர் மலரில் ஏற வேண்டும். கூலி உயர்வு கேட்டார்கள், சீனத் தொழிலாளிக்குக் கிடைப்பது தங்களுக்கும் வேண்டும் என்றார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் முறையான மருத்துவமும் கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள், தோட்டத் தொழிலாளியே அதைக் கேட்டார் என்பதை இளையவர்கள் கவனிக்க வேண்டும். தோட்டத்துப் பெண்களிடம் வெள்ளைக்காரரும் கிராணிகளும் கைவைப்பதை நிறுத்தச் சொன்னார்கள். உறவினர் தோட்டத்துக்குள் வந்து பார்க்க அனுமதி கேட்டார்கள். இன்னொன்று இருந்தது, அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளே ஏதோ செய்யும்: எதிரே துரை வந்தால் தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும். இறங்காமல் மிதித்துப் போவதுதான் கலகம். நீங்கள் எல்லோரும் இன்று காரில் போகிறீர்கள்.

கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர்.எச். நாதனை 1941 மே மாதம் கைதுசெய்து, பிறகு இந்தியாவுக்கு நாடுகடத்தினார்கள். சிலாங்கூரில் அவசரகாலம் அறிவித்துப் படையை இறக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் செத்தார்கள். நூற்றுக்கணக்கானோர் பிடிபட்டார்கள். செத்தவர்களால்தான் தோட்டத்தின் பெயர் கெட்டது என்கிறது நம்ம மலர்.

கலகம் பிறந்தால்தான் நியாயம் பிறக்கும் என்று சொல்லி வளர்ந்த ஊர் நம்மது. கலகக்காரன் என்பதை நாம் எப்போது வசவாக்கினோம்? மலாய்க்காரர்களைப் பாருங்கள். "டெர்ஹாக்கா" என்று அவர்கள் சொல்வதும் நம்ம "துரோகம்" என்பதும் "துரோக" என்ற ஒரே சமஸ்கிருதச் சொல்லிலிருந்து பிரிந்தவை. 1875 நவம்பரில் பாசிர் சாலாக்கில் பேராக்கின் ஆங்கிலேய ஆட்சிப் பிரதிநிதியான ரெசிடெண்ட் பர்ச்சைக் கொன்றதற்காக மலாய்த் தலைவர் மகாராஜா லேலாவை 1877இல் தூக்கிலிட்டது ஆங்கிலேய அரசு. இன்று கோலாலம்பூரில் ஜாலான் மகாராஜாலேலா இருக்கிறது. அந்தச் சாலையின் பழைய பெயர் பர்ச் ரோடு. செத்த ரெசிடெண்டின் பெயரை எடுத்துவிட்டு, அதற்காகத் தூக்கில் தொங்கியவரின் பெயரை வைத்திருக்கிறார்கள். பகாங்கின் மாட் கிலாவ், கிளந்தானின் தோக் ஜங்குட் எல்லோரும் அன்றைக்கு அரசாங்கத்துக்குக் கலகக்காரர்கள். இன்றைக்கு நம்ம பிள்ளைகள் அவர்களைப் பள்ளிக்கூடத்தில் போராட்ட வீரர்கள் என்று படிக்கிறார்கள். நம்மவர்களுக்குத் தெருப்பெயர் கேட்கிற நிலையில் நாம் இல்லை. சொந்தச் செலவில், சொந்த மொழியில் போடுகிற மலரிலாவது வசவு இல்லாமல் இருக்கக் கூடாதா?

இந்தச் சொல் இன்றைக்கு யார்மேல் விழுகிறது என்பதையும் பாருங்கள். தோட்டம் போய்த் தாமான் என்கிற வீடமைப்புப் பகுதி வந்தது. இப்போது வேலையைவிட்டுச் சிங்கப்பூருக்குப் போகிற பையனை யாரும் ஓடுகாலி என்பதில்லை. அவன் முன்னேறுகிறவன். பெற்றவர் பார்த்த மாப்பிள்ளையை வேண்டாமென்று வேறு ஒருவனோடு போன பெண்தான் ஓடுகாலி. அடிக்கிற புருஷனைவிட்டு அம்மா வீட்டுக்கு வந்தவள்கூட ஓடுகாலி. மாட்டிலிருந்து கூலிக்கு வந்த சொல், கூலி போனதும் பெண்ணிடம் வந்து உட்கார்ந்துகொண்டது. கூட ஓடியவனுக்கு அந்தப் பட்டம் இல்லை, கவனித்தீர்களா? தமிழ் இப்படிப் பேசிய மொழியில்லை. சங்க அகப்பாடல்களில் காதலனோடு பாலைவழி நடந்துபோனவளுக்கு உடன்போக்கு என்று ஒரு துறையே இருக்கிறது. பெற்றவளும் செவிலியும் அழுவார்கள், தேடுவார்கள், வழியில் கண்டவர்கள் சமாதானம் சொல்வார்கள். அவளை இழிவாகப் பேசியதில்லை.

இனி நான் கேட்பது.

அந்த வரியை அந்த இடத்திலிருந்து எடுங்கள். "ஓடுகாலிகள்" என்றே தலைப்பிட்டுத் தனியாக ஒரு பகுதி வையுங்கள். எந்தத் தோட்டத்திலிருந்து, எதற்காக, யாரை விட்டுவிட்டு வந்தோம் என்று சொல்லச் சம்மதிக்கிற குடும்பங்களின் கதை அதில் வரட்டும். பெயர் வேண்டாம் என்பவர்களுக்குப் பெயர் வேண்டாம். கேட்கப் போகும்போது ஆம்பளைகள் மட்டும் போகாதீர்கள். எண்பது வயதுப் பாட்டி கிராணியின் தொல்லையைப் பற்றிச் செயலாளர் தம்பியிடம் சொல்ல மாட்டார், என்னிடமோ குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட நம்ம ஆயாக்கொட்டகை அக்காவிடமோ சொல்வார். நாங்கள் இருவரும் வரத் தயார். 1941க்கும் ஒரு பக்கம் வேண்டும், கோரிக்கைகளை முழுசாக, நடுவில் வெட்டாமல் போட்டால் போதும். வருணனையெல்லாம் வேண்டாம். பக்கம் முப்பத்தொன்றில் துரை பங்களா முன்னால் எல்லோரும் கைகட்டி நிற்கிற படத்துக்குக் கீழே "விசுவாசிகள்" என்று போட்டிருக்கிறீர்கள். அதை எடுத்துவிட்டு, தெரிந்தவரை ஆட்களின் பெயரைப் போடுங்கள். இடமிருந்து மூன்றாவது எங்கள் தாத்தா.

பக்கம் கூடினால் செலவு கூடும், தலைவர் ஐயா அதைத்தான் முதலில் சொல்வார் என்று தெரியும். எங்கள் குடும்பத்தின் பெயரில் அரைப்பக்க வாழ்த்துக்குப் பணம் கட்டியிருக்கிறேன், ரசீது கைவசம் உண்டு. பட்டுச்சேலையில் நாங்கள் சிரிக்கிற படம் வேண்டாம், அந்த அரைப்பக்கத்தை இதற்கு எடுத்துக்கொள்ளுங்கள். மீதி அரைப்பக்கத்துக்கு வேறு யாராவது ஓடுகாலி வீட்டார் முன்வருவார்கள். வராவிட்டால் அதையும் நானே கட்டுகிறேன்.

இப்படிக்கு,
அரைப்பக்க வாழ்த்தைத் திருப்பிக்கொடுத்த ஓய்வுபெற்ற ஆசிரியை